தோளில் ஒரு கொம்பு

பெரியம்மைக்குக் குத்தும் மருந்தைக் கன்றுக்குட்டியிடமிருந்து எடுக்கிறார்கள், குத்திக்கொண்டால் பின்னாளில் கொம்பு முளைக்கும் என்று எங்கள் ஊரில் பலமான பேச்சு. மருந்து குத்துகிறவர் தெருவுக்குள் வந்ததும் அப்பா யோசித்தார். கொம்பு முளைத்தால் ஒருவனோடு போகட்டும், அம்மை வந்தால் ஒருவனாவது மிஞ்சட்டும். அண்ணன் சபாபதியை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிட்டு, என் சட்டையைக் கழற்றினார்.

"இன்னொரு பையன் எங்கய்யா?" என்றார் வந்தவர்.

"எனக்கு இவன் ஒருத்தன்தான் சாமி. அம்பது வருஷம் கழிச்சு இவனுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"அம்பது வருஷம் இருந்தான்னா அவனையே கேட்டுக்கும்."

பொய் சொல்வானேன், எனக்குக் கொம்பு முளைத்தது. முதலில் சுண்டைக்காய் அளவு. இன்று குடை மாட்டலாம். தையற்காரர் சட்டைத் தோளில் அதற்கென்று ஒரு காஜா எடுத்துத் தருகிறார்.

அண்ணனுக்கு முளைக்கவில்லை. அந்தப் பங்குனியில் அம்மை வந்தது. அவனுக்கு இன்றைக்கும் ஏழு வயதுதான்.

அதன்பின் எண்ணெய்க் குளியலன்று அப்பாவின் முதல் கை எண்ணெய் என் தலைக்கு வராது, கொம்புக்குத்தான் போகும்.

"வலிக்குதாடா?"

"இல்லப்பா."

"வளரட்டும், நல்லா வளரட்டும்" என்று தேய்த்துக்கொண்டே இருப்பார். அடுப்பில் வெந்நீர் ஆறிவிடும்.