படத்துக்கு முந்தைய பத்து நொடி

"ஒரு தேசத்தின் துயரமே இந்தக் கண்ணீரில் உறைந்திருக்கிறது!" என்று முழங்கினார், விருதும் வழக்கும் சம அளவில் வாங்கிய புகைப்படக்காரர் அரவாழி. மைக் கிரீச்சிட்டது.

மேடைத் திரையில் தெரிந்த அவருடைய பழைய படத்தில், புயலில் இடிந்த வீட்டின் முன் அழும் சிறுமி மாசிலா, இப்போது முப்பது வயதில் முன்வரிசையில் இருந்தாள். அன்று எதற்கு அழுதோமென்று அவளுக்கே நினைவில்லை. 'அழுகாச்சி மாசிலா' என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது. எந்தப் படத்துக்கும் முந்தைய பத்து நொடியைக் காட்டும் கருவி வந்துவிட்டதே என்றுதான் ஆவலாக வந்திருந்தாள்.

"அது வேணாம்மா. கலைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு," என்று, அவள் கருவியைக் காட்டியதும் தடுத்தார் அரவாழி.

"என் மூஞ்சி சார் அது. போடச் சொல்லுங்க."

போட்டார்கள். சிறுமி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அரவாழி கோணம் பார்த்தபடி ஓரடி முன்னால் வந்தார்.

"அண்ணே, காலு! காலு!" என்று அலறினாள் திரையில் சிறுமி.

அவருடைய பூட்ஸ் அவள் கால் சுண்டுவிரல் மேல் இருந்தது.