ஆபத்து அறுபத்திரண்டு

என் மகள் ஜெசிந்தாவைச் சாரணியர் முகாமுக்காகச் சிக்கிம் மலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெளியூர் போகும் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது பள்ளிக்கூடத்து எந்திரம்தான் ஆபத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அது சொன்னது: "ஆபத்து நூற்றுக்கு அறுபத்திரண்டு. வீட்டில் இருப்பதே நல்லது."

"சரின்னு கைரேகையை வச்சிட்டுப் போங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் ஒத்துக்கிடுதாங்க" என்றார் சாரணியர் டீச்சர்.

"ஒத்துக்கிடலன்னா?"

"காரணத்தைக் கையால எழுதித் தரணும். இந்தக் காலத்துல யாரு எழுதுதா?"

"நான் எழுதுவேன் டீச்சர். நாப்பது வயசுல எழுதப் படிச்சது, அதுக்குள்ள மறந்துருமா? பேனா குடுங்க."

பள்ளிக்கூடம் முழுக்கத் தேடி ஒரு பென்சிலைக் கொண்டுவந்தார்.

"எம்மா, தப்பில்லாம எழுது. மானத்தை வாங்கிராத" என்று ஜெசிந்தா கிசுகிசுத்தாள்.

"சும்மா கெட, ஏட்டி."

உப்பு அரித்த விரல்களில் பென்சில் நழுவியது. அழுத்திப் பிடித்து எழுதினேன்:

"லீவு நாளெல்லாம் இவளை உப்பளத்து வேலைக்குக் கூட்டிப் போகிறேன். வெயிலில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். அப்போது எந்த எந்திரமும் ஆபத்து என்று சொல்லவில்லை. என் மகள் மலைக்குப் போகிறாள்."