கூண்டுக்குள் ஒரு வீரன்

தென்னாப்பிரிக்காவிலிருந்து லீவு முடிந்து வால்டோர்ஃப் ஆபீசுக்குத் திரும்பிய நாள் முதல் தியாகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடலுக்குள் கூண்டு; அதற்குள் முகமூடி, ரப்பர் உடையோடு, வெறுங்காலை ஊன்றி நிற்கும் உருவம்; எதிரே வாய் பிளந்த வெள்ளைச் சுறா. ஃபிரேம் போட்ட அந்த போட்டோ அவன் மேஜைமேல் கம்பீரமாக நின்றது.

“பயமா இல்லையா?” என்றாள் பக்கத்து சீட் வனஜா.

“கால்விரல் கம்பிக்கு வெளியே போனாலே சுறா கவ்விடும். அந்த ரிஸ்க்லதானே த்ரில்லே!”

“உங்க வொய்ஃப் நிருபமாவும் இறங்கினாங்களா?”

“அவளா? ஒரே வாந்தி. பக்கெட்டும் கையுமா போட்லயே சுருண்டுட்டா.”

வனஜா குனிந்து போட்டோவிலிருந்த கால்விரல்களைப் பார்த்தாள்.

“அது சரி, நீங்க எப்பலேருந்து மெட்டி போடறீங்க?”

பக்கெட்டைக் கட்டிக்கொண்டு படகில் கிடந்த அன்றுபோலவே, இப்போதும் தியாகுவுக்கு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.