காகம் கம்பத்தில் இருந்தது

மாமனாருக்கு முதல் வருடத் திதி. மேகலா மொட்டைமாடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காகம் தொட்ட பிறகுதான் அவள் கணவன் தணிகாசலம் சாப்பிடுவான். அவனோ பழக்கத்தில் பன்னிரண்டு மணிக்கே இன்சுலின் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

எதிர்க் கம்பத்தில் ஒரு காகம் இருந்தது. மாடியை நிறைத்திருந்த சோலார் தகடுகளிலிருந்து பறவைகளை விரட்டும் ஒலி வந்துகொண்டிருந்தது. எச்சம் விழுந்தால் மின்சாரம் குறையும். ஒலியை ஒரு முறை அணைத்தாலும் மானியம் ரத்து. தகடுகளின் முழு விலையையும் கட்ட வேண்டும். இருபத்தைந்து வருட ஒப்பந்தம். இனிமேல் கரண்டு பில்லே வராது என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டவர் மாமனார்தான்.

"ஒரு வாய் சர்க்கரையாவது போட்டுக்குங்க."

"அப்பா எடுக்காம நான் தொடமாட்டேன்."

"கை நடுங்குது பாருங்க."

"நடுங்கட்டும்."

அவள் மறுபடி கம்பத்தைப் பார்த்தாள். காகமும் சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தணிகாசலத்தின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. "என்னங்க" என்று மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவன் பதில் குழறியது.

மேகலா ஒலியை அணைத்தாள்.

காகம் வந்தது. தகட்டின் மேல் உட்கார்ந்து எச்சமிட்டது. பிறகு சுவருக்குத் தாவி இரண்டு வாய் கொத்தியது. அவள் ஓடிவந்து கணவன் வாயில் பாயசத்தை ஊட்டினாள்.

அவன் தெளிந்தபோது கைபேசியில் மானியம் ரத்தான செய்தி வந்திருந்தது.

"அப்பா இருந்தா உன்னைக் கொன்னுருப்பாரு."

"இப்பதானே வந்து சாப்ட்டுட்டுப் போனாரு. ஒண்ணும் சொல்லலையே" என்றாள் மேகலா.