பெயின்ட்டுக்கு அடியில்

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயத் திறக்காதீங்க. கையத் தூக்குங்க, போதும்" என்று ரயில்வே யார்டு வாசலிலேயே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

எஞ்சின்காரர் சமர்த்தாகத் தலையாட்டினார்.

அவர் எந்த எஞ்சினையும் ஓட்டியவர் இல்லை. மருந்துக்கடை வைத்திருப்பவர். ரயில் பைத்தியம் முற்றிப்போனதில் தெருவே அப்படிக் கூப்பிட்டது.

வாலிபத்தில் ரயில்வே வேலைக்குப் பரீட்சையும் எழுதினார். ஏழாவது கேள்வியே தப்பு என்று இரண்டு பக்கத்துக்கு நிரூபித்ததில், மற்ற கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. அந்தக் கேள்வி தப்புதான். வேலை மட்டும் கிடைக்கவில்லை.

இப்போது இன்னொரு வாய்ப்பு வந்திருந்தது. யார்டு மூலையில் கிடந்த பழைய பயணிகள் பெட்டி ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கிக் கடைக்குப் பின்னால் உள்ள காலிமனையில் நிறுத்தி, உள்ளே ஓட்டல் நடத்துவதாகத் திட்டம்.

சமையல் மனைவியுடையது. விடுதிச் சமையலறையில் பிறத்தியாருக்காக வெந்து அலுத்துப்போனவள். இரும்பு விலைக்கு மேல் ஒருத்தனும் கேட்க மாட்டான் என்று இவர் அடித்துச் சொன்னதை நம்பி, அந்த வேலையையும் விட்டுவிட்டாள்.

வந்ததும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறினாள். அடுப்பு எங்கே, மேசை எங்கே என்று பார்க்க வேண்டுமாம்.

இவர் கீழே நின்றார். பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் பெட்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வெறும் தகர டப்பா."

எஞ்சின்காரருக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். வானத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை ஒருவன் கண்ணெதிரே திட்டினால் எவ்வளவு நேரம்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது?

சாவியால் கதவோரம் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே அசல் தேக்கு.

சாம்பல் பெயின்ட் அடித்து மறைத்திருந்த ஜன்னல் கொக்கி, கதவுக் கைப்பிடி, சாமான் பலகையைத் தாங்கும் வளைவுகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்றுகூட இரும்பில்லை என்றார்.

வெள்ளைச் சட்டைக்காரர் நல்ல ரசிகராக இருந்தார். கொட்டாவி விடவில்லை. சாவிக்கொத்தில் தொங்கிய சின்னக் காந்தத்தை அங்கங்கே குழந்தை மாதிரி வைத்துப் பார்த்தார். அது எதிலும் ஒட்டாமல் நழுவ நழுவ அவர் முகம் மலர்ந்தது. இதெல்லாம் மொத்தம் எத்தனை இருக்கும் என்றுகூடக் கேட்டார்.

கல்யாணமான நாள் முதல் இவரிடம் ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. எஞ்சின்காரர் தலைகால் புரியாமல் எண்ணிச் சொன்னார்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த மனைவி உதட்டில் விரலை வைத்தாள். இவர் கையசைத்து, இதோ வந்துவிட்டேன் என்று சிரித்தார்.

ஏலம் இரும்பு விலையில் தொடங்கியது. இவர் கை தூக்கினார்.

பக்கத்திலேயே இன்னொரு கை எழுந்தது. வெள்ளைச் சட்டை.

இவர் தூக்கத் தூக்க அதுவும் தூக்கியது. ஒரு கட்டத்தில், கடையையே விற்றாலும் இதற்கு மேல் முடியாது என்ற இடத்தில், இவர் கை கீழேயே தொங்கியது.

"மூணு தரம்!" என்றார் ஏலம் விட்டவர்.

மனைவி நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. போனாலும் ஒரு ரசிகன் கைக்குத்தான் போயிருக்கிறது என்று முணுமுணுத்தார்.

அந்த ரசிகனின் லாரி உள்ளே வந்தது. கேஸ் சிலிண்டர்கள், வெட்டும் கருவி, சம்மட்டியோடு நாலு ஆட்கள் இறங்கினார்கள். லாரியின் பக்கவாட்டில் பழைய இரும்பு, ஈயம், பித்தளை வாங்கப்படும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

எஞ்சின்காரர் அதை இரண்டு தடவை படித்தார். ஒரு மணி நேரம் வாயை மூடியிருந்தால் பெட்டியும் பிழைத்திருக்கும், அவளும் பிழைத்திருப்பாள்.

வெள்ளைச் சட்டைக்காரர் சாக்பீசோடு வந்தார். "சார், பித்தளை எங்கெங்கன்னு சொன்னீங்களே, பசங்களுக்கு இன்னொரு தடவை காட்டிடுறீங்களா?"

மனைவி இவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"கொக்கி மட்டுந்தாங்க பித்தளை. கைப்பிடியெல்லாம் வெண்கலம். அதுக்கு இன்னும் விலை கூட."