தொண்ணூறா, நூற்றெண்பதா?

"எங்க சின்ன டீச்சர் சொல்லிக்கொடுத்தா கணக்கே கதை மாதிரி இருக்கும்மா!"

பெற்ற மகளே இப்படிச் சொன்னால் எந்தக் கணக்கு டீச்சருக்குத்தான் வயிறு எரியாது?

இத்தனை வருஷமாகச் சாக்பீஸ் தூளை விழுங்கியவள் பெரிய டீச்சர். நேற்று வந்த சின்னவள் பின்னால் பள்ளிக்கூடமே ஓடுகிறது. போதாக்குறைக்கு, அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புக் கணக்கும் சின்னவளுக்குத்தானாம். அது இவளுடைய கோட்டை. யாராவது விட்டுக்கொடுப்பார்களா?

அன்று வராந்தாவில் போகும்போது, மகளின் வகுப்பை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கரும்பலகையில் கணக்கு.

'இரண்டு நிரப்புக் கோணங்கள். ஒன்று x. மற்றது 2x + 15. x-ஐக் கண்டுபிடி.'

கீழே சின்னவளின் மணிமணியான கையெழுத்து: 3x + 15 = 180; x = 55.

அடி சக்கை! நிரப்புக் கோணங்கள் சேர்ந்தால் தொண்ணூறு அல்லவா? x இருபத்தைந்துதானே வரவேண்டும்?

வகுப்பே கொல்லென்று சிரித்துக்கொண்டிருந்தது. சின்னவளும் வெட்கமில்லாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனாள்.

"பசங்களே சிரிக்கிறாங்க மேடம். நிரப்புக் கோணமே தெரியாதவங்க கையில பத்தாம் வகுப்பா? நான் சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்."

சின்னவளைக் கூப்பிட்டார்கள்.

"போர்டுல நூத்தியெண்பதுன்னு எழுதினீங்களா?"

"எழுதினேன் மேடம்."

"ஏன்?"

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவள் பக்கம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான் மேடம். மன்னிச்சிருங்க."

"சரி, போங்க. பத்தாம் வகுப்பைப் பெரிய டீச்சரே பார்த்துக்கட்டும்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் பெரியவளுக்குச் சந்தோஷம் அடங்கவில்லை.

"உங்க டீச்சர் லட்சணத்தைப் பார்த்தேன்டி. நூத்தியெண்பதாம்ல!"

மகளின் முகம் வெளுத்துவிட்டது.

"அது அவங்க தப்பு இல்லம்மா. நான் போட்டது."

"என்னடி உளர்றே?"

"என்னைத்தான் முதல்ல போர்டுல போடச் சொன்னாங்க. தப்பாப் போட்டுட்டேன். 'கணக்கு டீச்சர் பொண்ணுக்கே தெரியலடா'ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. அழுதுட்டேன். உடனே டீச்சர் அதை அழிச்சுட்டு, 'நானும் சின்ன வயசுல இப்படித்தான் போட்டு முழிச்சேன், பாருங்க'ன்னு அதே தப்பை அவங்க கையால போட்டு, முழிச்சும் காட்டினாங்க. எல்லாரும் என்னை விட்டுட்டு அவங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

பெரியவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதை... அவங்க என்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி."

"நான்தான் வேணாம்னு கெஞ்சினேன். தெரிஞ்சா நீ தோலை உரிச்சிருவேன்னு பயமா இருந்துச்சு. 'என்ன ஆனாலும் உங்கம்மாகிட்ட மூச்சு விட மாட்டேன்'னு சத்தியம் பண்ணினாங்க. சொல்லலைதானேம்மா?"