தேரிக்காட்டில் நின்ற ஆள்

‘இது உண்மை’ என்று கேமராவே முத்திரை குத்தித் தராத படத்தைக் கண்காட்சியில் ‘கற்பனை’ என்ற வரிசையில்தான் மாட்டுவார்கள். மாசானமுத்துவின் படத்துக்கு இரண்டு முறை முத்திரை மறுக்கப்பட்டுவிட்டது. நட்சத்திரங்கள் உண்மையாம், பனைமரத்தின் மேல் விழுந்த வெளிச்சம் மட்டும் யாரும் அடிக்காததாம்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேமராவின் ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்துவைத்துவிட்டு, கறுப்புச் சட்டை போட்டு, எங்கும் நிற்காமல் நடந்தபடியே டார்ச் அடித்தால், அடிக்கிற ஆள் படத்தில் விழமாட்டார். இதே தேரிக்காட்டுச் செம்மணலில் அவருடைய அப்பா எடுத்ததும் அப்படித்தான்.

“நம்ம குடும்பத்துப் படம் பொய்யாம்மா?”

“கோவப்படாதீங்கப்பா. வெள்ளைச் சட்டையப் போட்டுட்டு மரத்துப் பக்கத்துல அசையாம நில்லுங்க. ஆளப் பாத்தா முத்திரை குடுத்துரும்” என்றாள் மகள் செல்வரதி.

தான் எடுக்கும் படத்தில் தானே தலைகாட்டுவது அவர்கள் வீட்டில் மானக்கேடு. ஆனாலும் மாசானமுத்து நெஞ்சை நிமிர்த்தி மூன்று நிமிடம் நின்றார். டார்ச் பிடித்த கை மட்டும் மரத்தின் மேல் ஏறி இறங்கியது.

“நீங்க இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பாத்ததே இல்லப்பா” என்று இருட்டில் சிரித்தாள் மகள்.

படம் வந்தது. பனை பளிச்சென்று இருந்தது. மூச்சு விட்டதில் அவர் உருவம் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. கீழே முத்திரையும் விழுந்திருந்தது: ‘வானம் உண்மை. மரம் உண்மை. வெளிச்சம் உண்மை. ஆள் கற்பனை.’

மாசானமுத்து அதை இரண்டு முறை வாசித்தார்.

“அப்ப இவ்வளவு நேரம் அங்க நின்னது யாரும்மா?”

செல்வரதி டார்ச்சை வாங்கி, அவர் முகத்தில் அடித்துப் பார்த்தாள்.